மூடிய ஆலை, முடியாத கணக்கு

பிளாச்சிமடாவில் கோகோ கோலா உற்பத்தி நின்று இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. பூமிக்கு மேலே நடந்த சண்டை ஓய்ந்தது. பூமிக்குக் கீழே இருக்கும் தண்ணீரை யார் அளப்பது, எவ்வளவு காலம் அளப்பது என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

திருவனந்தபுரம்

2011 பிப்ரவரி 24. கேரள சட்டசபை ஒரு மசோதாவை ஒருமனதாக நிறைவேற்றியது. அதன் பெயர் நீளமானது: பிளாச்சிமடா கோகோ கோலா பாதிக்கப்பட்டோர் நிவாரணம் மற்றும் இழப்பீட்டுக் கோரிக்கைகளுக்கான சிறப்புத் தீர்ப்பாய மசோதா. நோக்கம் எளிமையானது. பாலக்காடு மாவட்டத்தின் ஒரு மூலையில் கிணறும் வயலும் கெட்டுப்போனதாகச் சொல்லும் மக்களுக்கு, அவற்றைக் கெடுத்தவரிடமிருந்து பணம் வாங்கித் தருவது.

எவ்வளவு பணம் என்பதற்கும் கணக்கு இருந்தது. கூடுதல் தலைமைச் செயலர் கே. ஜெயகுமார் தலைமையில் மாநில அரசு அமைத்த உயர்நிலைக் குழு, 2010 மார்ச்சில் தந்த அறிக்கையில் மொத்த இழப்பை 216.26 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. விவசாய இழப்பு 84.16 கோடி, நீர் ஆதாரங்கள் மாசுபட்டதற்கு 62 கோடி, உடல்நலக் கேட்டுக்கு 30 கோடி, கூலி இழப்புக்கு 20 கோடி, குடிநீர் கொண்டுவந்து கொடுத்த செலவு 20 கோடி. மீதி பத்து லட்சம் கால்நடைகளுக்கு.

மசோதா ஜனாதிபதியின் ஒப்புதலுக்காக டெல்லி போனது. சில ஆண்டுகள் கழித்து ஒப்புதல் இல்லாமலே திரும்பி வந்தது. சட்டமாகாத மசோதாவின் பேரில் தீர்ப்பாயம் அமைக்க முடியாது. 216.26 கோடி என்ற எண் காகிதத்திலேயே தங்கிவிட்டது.

தேசிய பசுமைத் தீர்ப்பாயம் இருக்கும்போது தனியாக ஒரு தீர்ப்பாயம் எதற்கு என்பது டெல்லியின் வாதங்களில் ஒன்று. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், அந்தத் தீர்ப்பாயத்தில் நிவாரணம் கேட்பவர், பிரச்சினை முதலில் எழுந்ததிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் வர வேண்டும் என்கிறது அதன் சட்டம். பிளாச்சிமடாவில் ஆலை நின்றது 2004-ல். பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் வந்ததே 2010-ல். கடை திறக்கும் முன்பே கெடு முடிந்துவிட்ட கதை இது.

அரசியலையும் சட்டத்தையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், இந்த வழக்கின் அடியில் கிடப்பது விஞ்ஞானக் கேள்வி. ஒரு கிணற்றுத் தண்ணீர் எப்போது கெட்டது, எதனால் கெட்டது, இப்போது எப்படி இருக்கிறது? இந்த மூன்றுக்கும் பதில் தரக்கூடியது ஒன்றுதான்: இடைவிடாத அளவீடு.

பிளாச்சிமடா இருப்பது சித்தூர் தாலுகா, பெருமாட்டி பஞ்சாயத்தில். தமிழக எல்லை சில கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. பக்கத்துப் பெரிய ஊர் பொள்ளாச்சி. கடைத்தெருவில் மலையாளத்துக்குச் சமமாகத் தமிழும் காதில் விழும். இரவாளர், மலசர் என்ற ஆதிவாசிக் குடும்பங்களும், வயலை நம்பிய சிறு விவசாயிகளும் வாழும் பகுதி. கேரளம் என்றவுடன் நினைவுக்கு வரும் அடைமழை இங்கே கிடையாது. மழை மறைவுப் பிரதேசம். கீழே கடினப் பாறை. அதன் விரிசல்களில் தேங்கியிருப்பதுதான் நிலத்தடி நீர். சித்தூர் வட்டாரத்தை, ஊறுவதைவிட அதிகமாகத் தண்ணீர் எடுக்கப்படும் பகுதி என்று மத்திய நிலத்தடி நீர் வாரியமே வகைப்படுத்தியிருக்கிறது.

இந்த இடத்தில் 34 ஏக்கர் நிலத்தில், 2000 மார்ச்சில் இந்துஸ்தான் கோகோ கோலா நிறுவனத்தின் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. வளாகத்துக்குள் ஆறு ஆழ்துளைக் கிணறுகள், இரண்டு திறந்த கிணறுகள். இரண்டு ஆண்டுகளுக்குள் சுற்றுப்புறத்தில் புகார் கிளம்பியது. கிணற்றில் தண்ணீர் இறங்குகிறது. இருக்கும் தண்ணீரில் பருப்பு வேகவில்லை. ஆக்கிய சோறு சீக்கிரம் கெட்டுப்போகிறது. குளித்தால் உடம்பு அரிக்கிறது, கண் எரிகிறது. ஆலை தன் கழிவுச் சேற்றை உரம் என்று சொல்லி விவசாயிகளுக்குக் கொடுத்தது. அது வயல்களிலும் தென்னையடிகளிலும் போய்ச் சேர்ந்தது.

2002 ஏப்ரல் 22-ல் ஆலை வாசலுக்கு எதிரே பந்தல் போட்டு மக்கள் உட்கார்ந்தார்கள். பள்ளிக்கூடமே பார்க்காத இரவாளர் பெண் மயிலம்மா அந்தப் போராட்டத்தின் முகமானார். அவர் 2007 ஜனவரியில் காலமானார். 2003 ஏப்ரலில் ஆலையின் லைசென்ஸைப் புதுப்பிப்பதில்லை என்று பெருமாட்டி பஞ்சாயத்து தீர்மானம் போட்டது.

பரிசோதனைகள் நடக்காமல் இல்லை. 2003 ஜூலையில் பி.பி.சி. வானொலி எடுத்துச் சென்ற மாதிரிகளை இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தபோது, கழிவுச் சேற்றில் ஈயமும் காட்மியமும் இருந்தன. ஆலைக்கு அருகிலிருந்த ஒரு கிணற்றிலும் அளவுக்கு மீறிய ஈயம் இருந்தது. அடுத்த மாதம் கேரள மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சோதித்தது. சேற்றில் கிலோவுக்கு 201.8 மில்லிகிராம் காட்மியம். அனுமதிக்கப்பட்ட வரம்பு 50. சேற்றை வெளியே கொடுக்கக் கூடாது என்று உத்தரவானது. சில வாரங்களில் அதே வாரியம் வெளியிட்ட மற்றொரு அறிக்கையில், காட்மியம் வரம்புக்குள் இருந்தது. பின்பு 2005 ஆகஸ்டில், காட்மியம் எங்கிருந்து வந்தது என்று கம்பெனி விளக்கவில்லை என்று கூறி, ஆலை இயங்க அதே வாரியம் அனுமதி மறுத்தது.

ஒரே ஆலை, ஒரே சேறு. யார் எடுத்தார்கள், எந்த மூலையில் எடுத்தார்கள், எந்த மாதம் எடுத்தார்கள் என்பதைப் பொறுத்து எண் மாறியது. ஒவ்வொரு கட்சியும் தனக்குத் தோதான எண்ணை எடுத்து வைத்துக்கொண்டது. கம்பெனி தன் மீதான குற்றச்சாட்டை எப்போதும் மறுத்தே வந்தது. மழை பொய்த்ததுதான் தண்ணீர்த் தட்டுப்பாட்டுக்குக் காரணம் என்றது. சேறு ஆபத்தில்லாதது என்றது.

நீதிமன்றமும் இரண்டு விதமாகப் பேசியது. 2003 டிசம்பர் 16-ல் கேரள உயர்நீதிமன்றத்தின் நீதிபதி கே. பாலகிருஷ்ணன் நாயர், நிலத்தடி நீர் பொதுச் சொத்து, அரசு அதற்கு அறங்காவலர் மட்டுமே என்று தீர்ப்பளித்தார். 34 ஏக்கர் வைத்திருக்கும் ஒரு விவசாயி எவ்வளவு எடுப்பாரோ அவ்வளவுதான் ஆலையும் எடுக்கலாம் என்பது அதன் சாரம். 2005 ஏப்ரலில் இரு நீதிபதிகள் கொண்ட பெஞ்ச் அதை மாற்றியது. கோழிக்கோட்டிலுள்ள நீர்வள மேம்பாட்டு, நிர்வாக மையத்தின் ஆய்வை வைத்து, சாதாரண மழை பெய்யும் ஆண்டில் நாளொன்றுக்கு ஐந்து லட்சம் லிட்டர் எடுக்கலாம் என்றது. அதற்கு முன்பே, வறட்சியைக் காரணம் காட்டி அரசு போட்ட தடையைத் தொடர்ந்து, 2004 மார்ச் 9-ல் ஆலை நின்றிருந்தது. பிறகு அது முழுமையாக இயங்கவே இல்லை. அங்கே மீண்டும் உற்பத்தி தொடங்கும் எண்ணமில்லை என்று 2017 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தில் கம்பெனி சொன்னது. வழக்கு முடிந்தது. 2021-ல் கொரோனா நோயாளிகளுக்கான சிகிச்சை மையமாகக்கூட அந்தக் கட்டடம் பயன்பட்டது.

கட்டடத்துக்கு மறுவாழ்வு கிடைப்பது எளிது. அடியில் இருக்கும் நீரின் கதை வேறு.

இந்த விவகாரத்தில் மிகவும் சிக்கலான முடிச்சு உப்பும் கடினத் தன்மையும்தான். சித்தூர் கிழக்குப் பகுதியின் பாறையும் மண்ணும் இயற்கையிலேயே சுண்ணாம்புச் சத்து உள்ளவை. நீர் கடினமாக இருப்பது அங்கே புதிதல்ல. குடிநீரில் கடினத் தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்பது இந்தியத் தர நிர்ணயம். வேறு வழியே இல்லாவிட்டால் 600 வரை போகலாம். கிணற்றில் அதற்கும் மேலே இருந்தால், அது பாறை தந்ததா, ஆலை தந்ததா?

இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். ஓர் இடத்தில் அளவுக்கு மீறி பம்ப் போட்டால் மேல்மட்டத்து நல்ல நீர் வற்றும். நெடுங்காலம் பாறையோடு கிடந்து உப்பைக் கரைத்து வைத்திருக்கும் ஆழத்து நீர் மேலே வரும். ஆலை ஒரு கைப்பிடி உப்பைக்கூடக் கிணற்றில் கொட்டியிருக்க வேண்டாம். தண்ணீரை இழுத்தாலே போதும், பக்கத்துக் கிணறு கரிக்கத் தொடங்கும். காட்மியம், ஈயம் கதை அப்படியல்ல. வயலில் போட்ட சேற்றிலிருந்து அவை மழையோடு மெல்ல மெல்ல இறங்குபவை. மண்ணின் காரத் தன்மை அதிகமாக இருந்தால் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். அமிலத் தன்மை கூடினால் நகரத் தொடங்கும். இன்று கிணற்றில் இல்லை என்பதால் பத்து ஆண்டு கழித்தும் வராது என்று சொல்ல முடியாது.

ஆகவே ஒரு தடவை பாட்டிலில் பிடித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவது கண்காணிப்பு ஆகாது. டாக்டர் நோயாளியின் ஜுரத்தை ஒரு வேளை பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது. நான்கு வேளையும் பார்த்து அட்டவணையில் குறிக்க வேண்டும். தண்ணீருக்கும் அதே முறைதான்.

முதல் விதி, ஆலை வரும் முன்பே அளப்பது. அந்த முதல் எண் கையில் இருந்தால் பாறையின் பங்கையும் ஆலையின் பங்கையும் பிரிக்கலாம். இரண்டாவது விதி, எந்தக் கிணற்றை அளப்பது என்பது. நிலத்தடி நீர் ஒரு திசையில் நகர்கிறது. ஆலைக்கு மேற்புறம் மாசு போய்ச் சேர வாய்ப்பில்லாத ஒரு கிணறு, கீழ்ப்புறம் மூன்று நான்கு கிணறுகள் வேண்டும். மேல்கிணறும் கீழ்க்கிணறும் சேர்ந்து கெட்டால் குற்றவாளி இயற்கை. கீழ்க்கிணறு மட்டும் கெட்டால் ஆலையைச் சந்தேகிக்கலாம். பம்ப் நின்றதும் நீரோட்டத்தின் திசையே மாறக்கூடும் என்பதால், ஆலை மூடிய பிறகு கிணறுகளை மறுபடி தேர்வு செய்ய வேண்டும்.

மூன்றாவது, எடுக்கும் முறை. குழாயில் தேங்கிக் கிடக்கும் பழைய நீரை முதலில் இறைத்துக் கொட்டிவிட வேண்டும். உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்து திறனையும், அமில, காரத் தன்மையையும் அங்கேயே நின்று பார்க்க வேண்டும். உலோகச் சோதனைக்கான பாட்டிலில் சில சொட்டு நைட்ரிக் அமிலம் விட வேண்டும்; இல்லாவிட்டால் உலோகம் பாட்டிலின் சுவரில் படிந்துவிடும், ஆய்வுக்கூடம் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதி அனுப்பும். காட்மியத்துக்கு வரம்பு லிட்டருக்கு 0.003 மில்லிகிராம், ஈயத்துக்கு 0.01. இவ்வளவு நுண்ணிய அளவில் பாட்டில் கழுவுவதில் செய்யும் ஒரு தவறே தீர்ப்பை மாற்றிவிடும். நான்காவது, பொறுமை. மழைக்கு முன், மழைக்குப் பின் என்று ஆண்டுதோறும் அதே கிணறு, அதே முறை.

ஆலை மூடியபின் அளக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. ராணிப்பேட்டை சிப்காட்டில் இயங்கிய தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை 1990-களின் நடுவில் மூடப்பட்டது. அது விட்டுச் சென்றது குரோமியம் கலந்த கழிவு, சுமார் 2.27 லட்சம் டன். மழை பெய்தால் அந்த மேட்டிலிருந்து மஞ்சள் நீர் வழியும். அதில் கரைந்திருப்பது புற்றுநோய் உண்டாக்கக்கூடிய ஆறு இணைதிறன் குரோமியம். ஹைதராபாதிலுள்ள தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சிக் கழகத்தின் விஞ்ஞானிகள் அங்கே கிணறுகளை அளந்து, மாசு எந்தத் திசையில், என்ன வேகத்தில் பாலாற்றை நோக்கி நகரும் என்று கணித்தார்கள். கழிவைக் கண்டுபிடிக்க யாரும் அலைய வேண்டியிருக்கவில்லை. கண் முன்னே குன்றாக நின்றது. அப்படியிருந்தும் அதை அகற்றும் வேலை ஆண்டுக்கணக்கில் இழுத்தது.

இன்னும் பெரிய பாடம் போபால். 1984 டிசம்பர் 2, 3 இரவு நடந்த விஷவாயு விபத்து உலகத்துக்கே தெரியும். அதே யூனியன் கார்பைடு வளாகத்தில் விபத்துக்கு முன்பிருந்தே மண்ணில் கொட்டிய கழிவும், 1977-ல் வெட்டிய ஆவியாக்கும் குட்டைகளும் பேசப்பட்டது மிகக் குறைவு. நாக்பூரின் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சிக் கழகம் 1997-ல் தந்த அறிக்கை, நிலத்தடி நீர் கெடவில்லை என்றது. 1999-ல் கிரீன்பீஸ் வெளியிட்ட ஆய்வு, சுற்றுப்புறக் குழாய்களில் கார்பன் டெட்ராகுளோரைடும் குளோரோஃபார்மும் இருந்ததாகச் சொன்னது. 2004-ல் அந்தக் குடியிருப்புகளுக்குக் குடிநீர் தர உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பின்னாளில் லக்னோவின் இந்திய நச்சியல் ஆராய்ச்சிக் கழகம் சோதித்தபோது, மாசு இன்னும் பல குடியிருப்புகளுக்குப் பரவியிருந்தது.

2025 ஜனவரியில் அந்த வளாகத்திலிருந்து 337 டன் கழிவு 12 லாரிகளில் பீதம்பூருக்குக் கொண்டுபோகப்பட்டு, ஜூன் இறுதிக்குள் எரித்து முடிக்கப்பட்டது. போபால் சுத்தமாகிவிட்டது என்று பலர் நினைத்தார்கள். லாரியில் போனது கிடங்கில் மூட்டை கட்டி வைத்திருந்த கழிவு மட்டும்தான். வளாகத்திலும் சுற்றிலும் மாசுபட்ட மண் சுமார் 11 லட்சம் டன் என்று 2010-ல் மதிப்பிடப்பட்டிருந்தது. அந்த மண்ணை எந்த லாரியும் தொடவில்லை.

அமெரிக்கா 1980-ல் சூப்பர்ஃபண்ட் சட்டம் கொண்டுவந்தது. கெடுத்தவரே செலவைத் தர வேண்டும். கழிவு அங்கேயே விடப்பட்டிருந்தால் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை மறு ஆய்வு செய்ய வேண்டும். இந்தியாவில் இதற்கென்று தனி விதிகள் வர 45 ஆண்டுகள் ஆயின. 2025 ஜூலையில் மத்திய அரசு மாசுபட்ட இடங்களைக் கையாளும் விதிகளை அறிவித்தது. சந்தேகத்துக்குரிய இடங்களை மாவட்ட நிர்வாகமோ உள்ளாட்சியோ பட்டியலிட வேண்டும். மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 90 நாளில் முதல் கட்ட ஆய்வு நடத்த வேண்டும். மாசு உறுதியானால், அதற்குப் பொறுப்பானவரைக் கண்டுபிடித்துச் செலவை வாங்க வேண்டும். நாடு முழுவதும் 103 இடங்கள் அடையாளம் காணப்பட்டு, ஏழில் மட்டுமே சுத்திகரிப்பு தொடங்கியிருந்தது என்பது அப்போது வெளியான கணக்கு.

கேரளத்தில் இந்த விதிகளுக்கு உயிர் கொடுக்க வேண்டிய அலுவலகங்கள் எல்லாம் திருவனந்தபுரத்தில்தான் இருக்கின்றன. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத் தலைமையகம், மாநில நிலத்தடி நீர்த் துறை, மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் கேரளப் பிரிவு, ஆக்குளத்தில் தேசியப் புவி அறிவியல் ஆய்வு மையம். கருவிக்கும் விஞ்ஞானிக்கும் இங்கே பஞ்சமில்லை. மத்திய வாரியம் ஆண்டுக்கு நான்கு முறை நீர்மட்டத்தை அளக்கிறது, நீரின் தரத்தையும் சோதிக்கிறது. ஆனால் அந்த வலைப்பின்னல் மாநிலம் முழுதுக்குமான பொதுநிலையைக் காட்ட விரித்தது. ஒரு ஆலையின் மதிலுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று பார்க்க, மதிலைச் சுற்றித் தனியாகக் கிணறுகள் வேண்டும்.

தலைநகருக்கே இது தூரத்துச் செய்தி அல்ல. நகரத்தின் விளிம்பில் கொச்சுவேளியில், 1946-ல் நிறுவப்பட்ட திருவாங்கூர் டைட்டானியம் ஆலை இயங்குகிறது. கரும்மணலில் கிடைக்கும் இல்மனைட்டைக் கந்தக அமிலத்தில் கரைத்து வெள்ளை நிறமி எடுக்கும் தொழில். அதன் அமிலக் கழிவுநீர் நெடுங்காலப் புகார். 2021 பிப்ரவரியில் அங்கிருந்து கசிந்த உலை எண்ணெய் கடற்கரையில் படிந்தது. ஓடும் ஆலையைச் சுற்றி இன்று எடுக்கும் அளவுதான், அது என்றாவது மூடப்படும் நாளில் சாட்சி சொல்லும். பிளாச்சிமடாவில் செய்யத் தவறியதை இங்கே செய்வதற்கு இன்னும் நேரம் இருக்கிறது.

பிளாச்சிமடாவிலும் நேரம் முழுக்கப் போய்விடவில்லை. ஆலை வளாகத்தின் மேற்புறமும் கீழ்ப்புறமும் சில கிணறுகளைக் குறித்து, சேறு போட்ட வயல்களின் மண்ணையும் சேர்த்து, ஆண்டுக்கு இரு முறை சோதித்து, எண்களைப் பெருமாட்டி பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் மலையாளத்திலும் தமிழிலும் ஒட்டலாம். கோடிகளில் ஆகும் செலவல்ல அது. நீர் தேறியிருந்தால் மக்கள் பயமில்லாமல் குடிக்கலாம். தேறவில்லை என்றால் இழப்பீட்டு மசோதா மறுபடி எழும்போது, அதன் கையில் மறுக்க முடியாத ஆதாரம் இருக்கும்.

பந்தலில் உட்கார்ந்த பெண்கள் எந்தக் கருவியும் இல்லாமல், வேகாத பருப்பை வைத்தே தண்ணீர் மாறிவிட்டது என்று கண்டுபிடித்தார்கள். அவர்கள் சொன்னது எவ்வளவு சரி என்று அளந்து எழுதி வைப்பது மட்டும்தான் அரசாங்கத்தின் வேலையாக இருந்தது. கிணறு இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.